லிண்ட்னர்கள் வழி கேட்பதில்லை

அந்தச் சனிக்கிழமை காலை மிண்டாலா விமானக் கிளப்பின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த மெரில் லிண்ட்னர். அவளுக்குக் கற்றுக்கொடுத்த கேலம் ரூனி. கிளப்பின் ரேடியோவையும் தேநீர்க் கெண்டியையும் முப்பது வருடமாகக் கவனித்துவரும் நோரீன் பாஸ்க். வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டுகிற டிக் வார்னெக். மெரிலின் பெரியப்பாவும் லிண்ட்னர் குடும்பத்தின் மூத்தவருமான எல்மர் லிண்ட்னர். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. அவர்களை நம்ப வேண்டாம்.

பிரச்சினை ஒரு கைக்கடிகாரத்தில் ஆரம்பித்தது.

"பெரியப்பா, இது என் கையில நிக்க மாட்டேங்குது."

"ஓட்டோ தாத்தாவோட கடிகாரம். அவர் கை, கை மாதிரி இருந்துச்சு," என்றார் எல்மர். "உன் கை பஸ் ஓட்டுற கை."

"கடைசித் துளையில மாட்டினாலும் வளையல் மாதிரி சுத்துதே."

"சுத்தட்டும். கண்ணு முன்னாடி இருக்கணும், அவ்வளவுதான். நம்ம குடும்பத்துல யாரு வெளியூர் கிளம்பினாலும் அது கூடப் போகும்."

எல்மருக்கு எழுபத்தெட்டு வயது. முதுகு வளையாத மனிதர். சொன்ன சொல்லை அவர் மாற்றி யாரும் பார்த்ததில்லை.

அவர் சொல்லியிருந்த சொல் இதுதான். மெரிலின் அப்பா லெஸ், எல்மரின் தம்பி, இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் விட்டுப்போன சிறிய விமானம் எல்மரின் கொட்டகையில் நின்றது. திங்கட்கிழமை அடிலெய்டிலிருந்து ஒருவர் அதை வாங்கிப் போக வருவதாக ஏற்பாடு. அது தனக்கு வேண்டும் என்று மெரில் கேட்டாள். நாற்பத்து மூன்று வயதில், இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியபின், அவள் கேட்ட ஒரே பொருள். எல்மர் யோசித்துவிட்டு, சனிக்கிழமை அவள் தனியாகச் செய்யவிருந்த பயிற்சிப் பயணத்தை யாரிடமும் எதுவும் கேட்காமல் முடித்துத் திரும்பினால் விமானம் அவளுக்கு என்றார். கேட்டால், அடிலெய்டுக்கு.

கேலமுக்கு இது பிடிக்கவில்லை.

"எல்மர், வழி தவறினா ரேடியோல கேளுங்கன்னுதான் நான் சொல்லிக் கொடுக்கறேன். கேக்காதவங்கதான் போய் மலையில மோதுவாங்க."

"இங்க மலை ஏது?" என்றார் எல்மர்.

அந்தப் பக்கத்தில் மிக உயரமான பொருள் தானியக் கோபுரம்.

லிண்ட்னர்கள் வழி கேட்பதில்லை என்பது ஐந்து தலைமுறை வழக்கம். முதன்முதலில் மாட்டு வண்டியில் வந்த யோஹான் லிண்ட்னர் வழியில் ஒருவரையும் கேட்காமல் வந்து சேர்ந்த இடம்தான் மிண்டாலா. அவர் கிளம்பியது வேறு ஊருக்கு என்பது உண்மையே. ஆனால் நிலம் நன்றாக இருந்தது.

"மேற்கே யாரிபா. அங்கேருந்து தெற்கே கோல்வின். அப்புறம் வீடு," என்று கேலம் வரைபடத்தில் கோடு இழுத்தான். "ரெண்டு இடத்துலயும் எறங்கி வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். நாலு ஊருக்கும் ஒரே ரேடியோ சேனல், ஞாபகம் இருக்கட்டும். பொத்தானை அழுத்தினா நீங்க பேசறது எல்லாருக்கும் கேக்கும். விட்டாத்தான் அவங்க பேசறது உங்களுக்குக் கேக்கும்."

"மத்தியானம் ஒண்ணரை மணி வரைக்கும் பாப்பேன்," என்றாள் நோரீன். "அதுக்குமேல ஒரு நிமிஷம் ஆனாலும் தேடச் சொல்லி போன் போட்டுடுவேன், செல்லம். அப்புறம் ஹெலிகாப்டர் வரும், டிவிக்காரன் வருவான்."

டிவியில் லிண்ட்னர் பெயர் வந்ததில்லை. எல்மரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

தனியாக இருக்கும்போது வாய்விட்டுப் பேசுவது மெரிலின் பழக்கம். பிள்ளைகளை இறக்கிவிட்ட காலிப் பேருந்தை இருபது வருடம் ஓட்டினால் யாருக்கும் அது வரும். கிளப்பின் பயிற்சி விமானம் மேலே ஏறியதும் ஆரம்பித்துவிட்டாள்.

"சரி மெரில். நீ ஏறிட்ட. எறங்குறதை அப்புறம் பாத்துக்கலாம்."

கடிகாரம் முழங்கைக்கு ஏறியது, விரல்களுக்கு இறங்கியது, ஒருமுறை நழுவிக் காலடியில் விழுந்தது.

"கண்ணு முன்னாடி இருக்கணும், அவ்வளவுதானே? இந்தா ஓட்டோ தாத்தா, இங்க உக்காந்து நல்லா பாரு!"

விமானத்தைத் திருப்பும் கைப்பிடியில் கடிகாரத்தைச் சுற்றி, வாரை இறுக்கி இழுத்து மாட்டினாள். அதன்பின் அது அசையவில்லை.

நாள் அருமையாக இருந்தது. மருந்து தெளிக்கும் பருவத்தில், சனிக்கிழமை காலையில், ரேடியோவில் ஒரு குரல்கூட இல்லை. மெரிலுக்கு அது நிம்மதியாக இருந்தது.

"ரயில் பாதையைப் பிடிச்சுட்டுப் போனா யாரிபான்னான் கேலம். இதோ ரயில் பாதை. அய்யய்யோ, ரெண்டா பிரியுதே! ரெண்டுன்னு சொல்லலையே! அப்பா, எது? இடதா? சரி, இடது."

இடது இல்லை.

இருபது நிமிடத்தில் ஓர் ஊர் வந்தது. நான்கு தானியக் கோபுரம், ஒரு மதுக்கடை, ஒரு கால்பந்து மைதானம், ஒரு லூத்தரன் தேவாலயம், ஓரத்தில் ஒரு மண் ஓடுபாதை. அந்தப் பக்கத்தில் எல்லா ஊர்களுமே அப்படித்தான்.

"இது யாரிபாதானா? கூரையில ஊர் பேரை எழுதி வெச்சா கையா ஒடிஞ்சிடும் இவனுங்களுக்கு?" கண்ணாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மடியிலிருந்த வரைபடம் எழுந்து, ஒரு முறை படபடத்து, வெளியே போய்விட்டது. "ஏய்! ஏய்! வா!"

அது வரவில்லை.

"போச்சு. யார்கிட்டயும் கேக்கவும் கூடாது. கேட்டா அப்பாவோட விமானம் அடிலெய்டுக்குப் போயிடும். எறங்கிப் பாத்துட வேண்டியதுதான். ஒரு சூடான சாசேஜ் ரோல் கெடைச்சா நல்லா இருக்கும். பயத்துல காலைல ஒண்ணும் எறங்கல. தக்காளி சாஸ் நிறைய."

மூன்று முறை துள்ளி விமானம் தரையில் நின்றது. எஞ்சினை அணைத்து, கடிகாரத்தைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். குடும்பச் சொத்தை விமானத்தில் விட்டுப் போகக் கூடாது.

கொட்டகையிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு கையில் தட்டு, அதில் ஆவி பறக்கும் சாசேஜ் ரோல். மறு கையில் சாஸ் பாட்டில்.

"ரஸ் டிரெலோர்," என்றார். "பெரிங்கலுக்கு வாங்க."

"பெரிங்கல்," என்றாள் மெரில். "ஆமா. பெரிங்கலைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

ரஸ் சுற்றிலும் பார்த்தார். ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பட்ட மரம்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"சாப்பிடுங்க. எனக்குன்னு சூடு பண்ணினேன், திடீர்னு பசி போயிடுச்சு." ரஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் கொஞ்சம் வாயாடி. தனியா கெடந்து எனக்கு நானே பேசிக்குவேன். இப்ப பாருங்க, அந்த வெள்ளை ரோடு வடக்கே போகுது. பத்து நிமிஷத்துல ரெண்டா பிரியும். வலது பக்கம்தான் யாரிபா. சும்மா சொல்றேன். நீங்க ஒண்ணும் கேக்கல."

"நான் ஒண்ணும் கேக்கல," என்றாள் மெரில், வாய் நிறைய.

"கேக்கலதான். பதிவேட்டுல ஒரு கையெழுத்து?"

மெரில் தயங்கினாள். பெரிங்கலில் கையெழுத்து என்றால் அது சாட்சி. ஆனால் சாசேஜ் ரோல் சாப்பிட்டுவிட்டுப் போடாமல் போவது மரியாதையாக இல்லை. போட்டாள்.

கிளம்பும்போது ரேடியோவில் சொன்னாள். ரஸின் குரல் தெளிவாகப் பதில் சொன்னது. மேலே ஏறியதும் கடிகாரத்தைப் பழைய இடத்தில் மாட்டினாள். மறுபடி அமைதி.

"என்ன நல்ல மனுஷன்! ஆனா ரொம்பப் பேசுறார். என்னமோ சொன்னாரே, இடதா, வலதா? சாஸைப் பாத்துட்டு இருந்துட்டேன். அடக் கடவுளே, ரோடு பிரியப் போகுதே! இடதா, வலதா?"

சாலை பிரியும் இடத்தை நான்கு முறை சுற்றினாள். ஐந்தாவது சுற்றில் புழுதி கிளப்பிக்கொண்டு இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. சிவப்பு விளக்குகள் சுழன்றன. ஊர்த் தொண்டர்கள் குதித்து, குழாயைப் பிடித்து, வலது பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சினார்கள்.

"நெருப்பே காணோம். வெறும் தரைக்குத் தண்ணி அடிக்கறாங்களே!" என்றாள் மெரில். "பயிற்சி போல. பாவம், சனிக்கிழமைகூட லீவு இல்ல. வலதுன்னுதான் ரஸ் சொன்னாரோ? ஆமா, வலது. எனக்கே ஞாபகம் வந்துடுச்சு, பாத்தியா!"

அடுத்து வந்த ஊரின் மைதானத்தில் யாரோ வெள்ளை மேசை விரிப்புகளை இரண்டு கிளையும் ஒரு தண்டுமாகப் பரப்பியிருந்தார்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் முதல் எழுத்தான Y-ஐப் போலவே இருந்தது. "கால்பந்துக் குழுவோட கொடி போல," என்று இறங்கினாள்.

யாரிபாவில் ஒருவரும் இல்லை. ஓடுபாதை ஓரக் கட்டடத்தின் பின்னால் எட்டு கார்கள் நின்றன. உள்ளே கெண்டி கொதித்தது. மேசையில் பதிவேடு, பக்கத்தில் ஒரு வரைபடம் விரித்தபடி கிடந்தது. அதில் யாரிபாவிலிருந்து கோல்வினுக்கும், கோல்வினிலிருந்து மிண்டாலாவுக்கும் சிவப்புப் பென்சிலில் தடிமனாகக் கோடு.

மெரில் யோசித்தாள். வழி கேட்பது வேறு, ஒருவர் மறந்து வைத்ததை எடுத்துக்கொண்டு பிறகு தபாலில் அனுப்புவது வேறு. எடுத்துக்கொண்டாள். சமையலறைத் திரைக்குக் கீழே ஆறு ஜோடிக் காலணிகள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று தும்மியது. அவசரத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

நேரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கோல்வினுக்குப் போகும் வழியில் பக்கக் காற்று எழுந்தது. விமானம் நண்டு மாதிரி நடந்தது. மெரிலுக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் கோபமும் வரும்.

"கேக்கக் கூடாதாம்! அஞ்சு தலைமுறையாம்! கெழட்டுக் கழுதை! கண்காட்சில ஏழு வருஷம் முதல் பரிசு வாங்கினாரே, அந்த வெள்ளரி ஊறுகாய்..."

இந்த இடத்தில் மெரில் ஒரு குடும்ப விஷயத்தைச் சற்று விரிவாகச் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

கோல்வினில் எரிபொருள் ஊற்ற வந்தவர் ஐவி கோச் என்ற வயதான பெண்மணி. விமானம் நின்ற நேரத்திலிருந்து உதட்டைக் கடித்தபடியே இருந்தார். கிளம்பும்போது ஒரு பாட்டிலை நீட்டினார்.

"வெள்ளரி ஊறுகாய். நான் போட்டது. உங்க அம்மா கைப்பக்குவம் எனக்கு வராது."

"எங்க அம்மாவா? பரிசு வாங்கினது எங்க பெரியப்பா ஆச்சே?"

"ஆமா ஆமா, பெரியப்பா," என்று ஐவி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "சும்மா பொதுவா சொன்னேன், கண்ணு. போயிட்டு வா. காத்து இப்ப நின்னுடும், பயப்படாத."

"எனக்குப் பயமே இல்லையே," என்றாள் மெரில்.

"இல்லதான்."

காற்று நின்றது. கீழே தெரிந்த சாலை அவளுக்குப் பழக்கமான சாலை; இருபது வருடம் பேருந்து ஓட்டியது. வரைபடம் தேவையே இல்லை. கடிகாரம் கைப்பிடியில் ஒன்று என்று காட்டியது. முதல்முறையாக அவள் தோள்கள் இறங்கின.

"முடிஞ்சிடுச்சு அப்பா. உன் விமானம் இனி நம்ம வீட்டுக்குத்தான்." பிறகு மெதுவாக, "எல்லாரும் நல்லவங்களா இருந்தாங்க இன்னிக்கு. அந்த ரஸ். தண்ணி அடிச்ச பசங்க. வரைபடத்தை மறந்துட்டுப் போன புண்ணியவான். ஊறுகாய்க்காரம்மா. ஒருத்தருக்கும் சரியா நன்றிகூட சொல்லல. நன்றி. எல்லாருக்கும்."

எஞ்சின் இரைந்தது.

"பெரியப்பாவைக் கழுதைன்னு சொல்லியிருக்கக் கூடாது. நீ எங்களை விட்டுப் போன அந்த வருஷம் ஞாபகம் இருக்கா அப்பா? இல்ல, உனக்கு எப்படி இருக்கும்? விதைக்க ஆளில்ல, எனக்கு எழுந்திருக்கவே முடியல. ஒருநாள் காலைல பாத்தா நிலம் பூரா விதைச்சிருக்கு. யாருன்னு பெரியப்பாவைக் கேட்டேன். 'காக்கா போட்டிருக்கும்'னார். அறுநூறு ஏக்கர், அப்பா! காக்கா! டிராக்டர்ல அவர் தொப்பி கெடந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லாம வேலியில மாட்டி வெச்சேன். நேர்ல நன்றி சொன்னா கடிச்சு வெச்சிடுவார். அதனால இங்க, யாருக்கும் கேக்காத இடத்துல சொல்லிக்கறேன். நன்றி, பெரியப்பா."

ஒன்று இருபதுக்கு மிண்டாலாவில் இறங்கினாள். ஒரு துள்ளல்கூட இல்லை.

கேலம் ஓடி வந்து கதவைத் திறந்தான். அவன் பார்வை நேரே கைப்பிடிக்குப் போனது.

"கடிகாரம்!" என்றான். "கடிகாரமா! நாங்க என்னென்னமோ நெனைச்சோம். மெரில், அதை ஏன் அங்க கட்டினீங்க?"

"கண்ணு முன்னாடி இருக்கணும்னு பெரியப்பாதான்..."

"வாரு எதுமேல அழுத்திட்டு இருக்கு, பாருங்க."

மெரில் பார்த்தாள். வாருக்கு அடியில் ரேடியோவின் பேசும் பொத்தான் புதைந்து கிடந்தது.

அறைக்குள் நோரீன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். எல்மர் சுவர் பக்கம் திரும்பி நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கேட்டுச்சா?" என்றாள் மெரில்.

"எல்லாம், செல்லம். நாலு ஊருக்கும்."

"ஊறுகாய்?"

"ஊறுகாய்."

"காக்கா?"

நோரீன் மறுபடி மூக்கைச் சிந்தினாள்.

"உன் குரல் சேனலை அடைச்சிடுச்சு," என்றான் டிக். "நாங்க பேசறது உனக்குக் கேக்கல. அதான் காலைலேருந்து நாலு ஊர்லயும் ஒரு விமானம் மேல ஏறல. உனக்கு வானத்தைக் காலி பண்ணி விட்டோம். எனக்கு மூணு வயல் பாக்கி."

"மன்னிச்சிடு டிக்!"

"எதுக்கு? நாடகம் கேட்டு எத்தனை வருஷமாச்சு!"

"பெரிங்கல்லயே உங்களை நிறுத்தச் சொல்லியிருப்பேன்," என்றான் கேலம். "ஆனா ரேடியோ நல்லாத்தான் இருக்குன்னு ரஸ் சொன்னார். உண்மையைச் சொன்னா நீங்க உதவி வாங்கின மாதிரி ஆயிடும், விமானம் போயிடும்னு ஒருத்தரும் வாயே திறக்கல."

மெரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். தீயணைப்பு வண்டிகள், மேசை விரிப்புகள், சிவப்புப் பென்சில் கோடு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"அப்போ ஊரே சேர்ந்து வழி காட்டியிருக்கு. நானா வரல." கடிகாரத்தை மேசைமேல் வைத்தாள். "நான் தோத்துட்டேன் பெரியப்பா. அடிலெய்டுக்காரருக்குச் சொல்லிடுங்க."

எல்மர் திரும்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நீ யாரையாவது வழி கேட்டியா?"

"இல்ல."

"ரேடியோல?"

"இல்ல."

"அப்ப என்ன பேச்சு இது?" விமானத்தின் சாவியைக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தார். "கடிகாரத்தையும் வெச்சுக்க. வாருக்கு இன்னும் நாலு துளை போட்டுக்க."

மெரில் சாவியை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"நான் எங்க இருக்கேன், எது எனக்குத் தெரியலன்னு ஒவ்வொரு ஊருக்கும் யார் சொன்னது?"

நோரீன் மேசையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தாள். கேலம் கூரையைப் பார்த்தான்.

"சொல்ல மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோம்," என்றான் டிக்.

லிண்ட்னர் குடும்பத்தில் ஒருவர் அன்று வழி கேட்டுவிட்டதாக மாவட்டம் முழுக்க ஒரு பேச்சு உலவுகிறது. அது மெரில்தான் என்று பெயரும் சொல்கிறார்கள். இது தவறு. மெரில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கிளப் தொலைபேசியில் பதினொரு பேரை அழைத்து, 'எங்கள் பெண்ணுக்கு வழி காட்டுங்கள்' என்று பதினொரு முறையும் 'தயவுசெய்து' சேர்த்துக் கேட்டது எல்மர் லிண்ட்னர்.

அதாவது, நான்.